பொணக்கரை

1968 ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். ஒன்பதாம் வகுப்பு 'பி'யில் ஐம்பத்தெட்டுப் பெண்கள், பெஞ்சு நாற்பது பேருக்கு. ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க யூனிஸ்" என்கிறார். முப்பத்தாறு வயதுக்குள் நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டதை எல்லாம் எழுதினால் இந்த நோட்டு போதாது.

சாயங்காலம் சபைக் கமிட்டி. நல்லேரி கோயிலுக்கு வருகிற ஜனவரியோடு நூறு வருஷம், விழா மலராக ஒரு புத்தகம் போடப் போகிறார்கள். நல்லேரி முடிச்சூருக்கும் மேற்கே, ஏரிக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் சபையின் கடைசி எல்லை அது. வாய்க்காலைத் தாண்டினால் அடுத்த சபை. பாஸ்டரே மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் போவார். அந்த எல்லையில் உள்ள இடப்பெயர், ஏரி, கரை, மேடு எல்லாவற்றையும் விசாரித்து ஒரு கட்டுரையும் ஒரு வரைபடமும் வேண்டுமாம். யார் எழுதுவது என்று பாஸ்டர் கேட்டதும் எல்லோரும் டீ தம்ளருக்குள் பார்த்தார்கள்.

"ஜியாக்ரபி டீச்சர் இருக்கும்போது வேற யாரு?" என்றார் செயலாளர் லாசரஸ். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். மறுத்தால் மறுத்தவள்தான் முரடாகத் தெரிவாள்.

கல்யாணம் ஆகாதவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று நினைப்பு. ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

1968 ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கர்ணம் வீட்டுக்குப் போனேன். கிராம வரைபடத்தை விரித்துக் காட்டினார். எல்லாம் எண். "பேரெல்லாம் எதுக்கும்மா? சர்வே நம்பர் இருக்கே" என்றார். நம்பரை வைத்துக்கொண்டு யாராவது ஆட்டைத் தேடப் போவார்களா?

ஏரிப் பக்கம் தனியாக நடந்தேன். ஏரித் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலில் ஆரம்பித்து, சேரியைச் சுற்றி வளைந்து, வாய்க்கால்வரை போகிறது ஒரு நீள மேடு. ஆள் உயரம். வரைபடத்தில் அது இல்லவே இல்லை. அதன்மேல் ஒருத்தி புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, எதுனா தொலச்சிட்டியா? அப்டி பாத்துகினு நிக்கிற?"

"இந்த மேட்டுக்குப் பேர் என்ன?"

"பேரு கேக்க வந்தியா, இல்ல மேட்டயே எட்த்துகினு போவ வந்தியா?"

திமிர். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லம்மாவாம். அவள் என்னை நீ என்றாள், நானும் நீ என்றேன். அது ஒன்றுதான் இன்று சமமாக நடந்தது.

1968 ஜூலை 14, ஞாயிறு

எல்லம்மாவோடு மூன்று மணி நேரம் நடை. ஏரி வேலைக்கும் கழனி வேலைக்கும் போய்ப் போய் அவளுக்கு அங்கே தெரியாத மண் இல்லை. ஒத்தப்பனை மடை. குருடிக் காவாய். சண்டைக் கழனி - அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்புக்காக வெட்டிக்கொண்ட இடம். நான் எழுத எழுத, "சரியா எழுதினியா? திருப்பிப் படி" என்று அதட்டுகிறாள். இவளை இன்ஸ்பெக்டரம்மாவாக அனுப்பினால் எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நாளில் திருந்திவிடும்.

கடைசியில் அந்த நீள மேட்டுக்கு வந்தோம்.

"இது பொணக்கரை."

எனக்குப் பென்சில் நின்றுவிட்டது.

"வாந்திபேதி வந்த வருசம். எங்க நைனா அப்ப சின்னப் புள்ள. சுடுகாடு ஊருக்கு அந்தாண்ட கீது. ஊர்த்தெரு வயியா எங்க பொணம் போவக் கூடாதுன்னு கயிறு கட்டிட்டானுங்க. இன்னா பண்றது? இங்கயே ஓரமா வெச்சி மண்ணத் தள்ளுனாங்க. நாளுக்கு நாலு, அஞ்சி. அடுத்த மழைல பாத்தா கலங்கத் தண்ணி சேரிக்குள்ள வர்ல. அந்த மேடு தட்த்துடுச்சி. அப்பால எல்லாருமா சேந்து மண்ணு போட்டு நெட்டா கரையாக்கினாங்க. இன்னிக்கும் மழ வந்தா இதான் எங்களக் காப்பாத்திகினு கீது."

சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கால் வைக்க முடியவில்லை. செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். "கயிட்ட வாணாம். அவங்க மேலதான் நாங்க டெய்லி நடக்கிறோம்" என்றாள்.

1968 ஜூலை 28, ஞாயிறு

இன்று எல்லம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த வீட்டில் யார், கரையில் எந்தப் பக்கம். முப்பத்தொரு பெயர். பதினொரு பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் - நம் சபைக்காரர்கள். அவர்களையும் ஊர்த்தெரு வழியாக விடவில்லை. அப்போதிருந்த பாதிரியார் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவரு கயித்துக்கு அந்தாண்ட நின்னுகினு ஜெபம் பண்ணாராம்."

வந்த கோபத்தில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துவிட்டேன்.

1968 செப்டம்பர் 3, செவ்வாய்

பாஸ்டர் சுவிசேஷமுத்து வீட்டில் கட்டுரையைத் திருத்தினார்கள். பாஸ்டர் நல்லவர். யாரையும் எதிர்க்காதவரை நல்லவராக இருப்பதில் கஷ்டம் என்ன இருக்கிறது?

"பேராயர் கைக்குப் போற புத்தகம்மா இது..." என்று இழுத்தார்.

லாசரஸ் சிரித்தார். "ஒரு பக்கம் முழுக்கப் பொணம். இது நூற்றாண்டு விழா டீச்சர், துக்க வீடு இல்ல. பேரை லேசா மாத்திடுங்க. பூங்கரை. கேக்கவே நல்லா இருக்கு பாருங்க. ரெண்டு எழுத்துதானே?"

முப்பத்தொரு பெயர்களையும் எடுத்துவிடச் சொன்னார்கள், இடம் இல்லையாம். கடைசிப் பக்கத்தில் பிஸ்கட் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது.

நான் வாதாடினேனா? இல்லை. உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். என் பெயருக்குக் கீழே அந்தச் சொல் அச்சாகி வருவது எனக்கும் பிடிக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் படித்துச் சிரிப்பார்களே என்று இருந்தது. ரப்பரை எடுத்து நானேதான் அழித்தேன். 'கரை நெடுகப் பூக்கள் பூத்திருந்ததால் பூங்கரை எனப் பெயர் பெற்றது போலும்' என்று ஒரு வாக்கியத்தையும் நானே உண்டாக்கினேன். அந்த 'போலும்' எவ்வளவு அழகாக உட்கார்ந்தது! வரைபடத்திலும் மேட்டை எடுத்துவிட்டேன். பென்சில் நோட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

1969 ஜனவரி 19, ஞாயிறு

நூற்றாண்டு விழா. எனக்கும் மாலை போட்டார்கள். இருபத்திரண்டாம் பக்கம் என் பக்கம்.

1969 பிப்ரவரி 2, ஞாயிறு

கோயில் வாசலில் எல்லம்மா நின்றிருந்தாள். அவள் கோயிலுக்கு வருகிறவள் இல்லை, எனக்காகவே வந்திருக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்:

"படிச்சுக் காட்னாங்க. எங்க நைனாவோட அண்ணன் ரெண்டு பேரு அங்க கீறாங்க. பூவா பூத்துகினு கீறாங்களா? சொல்லு டீச்சரம்மா. நீ பாத்தியா?"

பெரியவர்கள் சொன்னதால் மாற்ற வேண்டியதாயிற்று என்று என்னவோ உளறினேன்.

"உங்கிட்ட எதுக்குச் சொன்னேன்? எழுதத் தெரிஞ்சவன்னுதான சொன்னேன். அத்தயும் எட்த்துகினியே."

போய்விட்டாள். வீட்டுக்கு வரும்வரை எனக்கு அவள்மேல்தான் கோபம். நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது? நானா அந்தக் கயிற்றைக் கட்டினேன்? ஒரு வார்த்தையை மாற்றினால் என்ன குடி முழுகிவிட்டது? - என்றெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

1969 மே 11, ஞாயிறு

குடி முழுகிவிட்டது.

தம்பி தனசிங் மத்தியானம் ஒரு நீலத்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். "பதினேழாம் நம்பர் மனை நம்முது அக்கா." சபைக் குடும்பங்களுக்காக வீட்டுமனைச் சங்கம், தலைவர் லாசரஸ். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: பூங்கரை நகர்.

அந்த லே-அவுட்டின் அடிப்படம் என்னுடையது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நான் மேட்டை எடுத்துவிட்ட அதே வெற்றிடத்தில் முப்பதடி ரோடு. அனுமதி கேட்ட மனுவில் என் பக்கத்தையே ஆதாரமாக இணைத்திருக்கிறார்களாம். 'இடப்பெயர் ஆய்வின்படி இங்கே இடுகாடோ நீர்த்தடுப்புக் கரையோ இருந்ததில்லை. பூச்செடிகள் வளர்ந்த வெற்று மேடு.' ஆய்வு! என் ஆய்வு!

தனசிங்கின் மனைவி ஹில்டா கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏன் மதினி சாப்பிடல?" என்றாள். சாப்பிட முடியவில்லை.

1969 மே 13, செவ்வாய்

லாசரஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மேடு என்ன என்று அவருக்குத் தெரியும். அன்று நான் எழுதியதைப் படித்தவர்தானே? தெரிந்துதான் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறார். செப்டம்பரிலேயே மனை போடும் திட்டம் இருந்திருக்கிறது.

"நீங்க வெச்ச பேரையே ஒரு நகருக்கு வெச்சிருக்கோம். பெருமைப்படணும் டீச்சர்."

"மழை வந்தா சேரிக்குள்ள தண்ணி போகும்."

"அவங்களுக்கு வேற இடம் கேட்டு எழுதலாம். சபையே எழுதும்." சிரிப்பு. "நீங்க எதுக்கு டென்ஷன் ஆகறீங்க? தனசிங்குக்குக் கார்னர் மனை கொடுத்திருக்கேனே."

என்னை முட்டாள் என்று நினைத்து அவர் ஏமாற்றவில்லை. நான் எதற்கு வெட்கப்படுவேன் என்று பார்த்து வைத்திருந்து அதில் கை வைத்திருக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

1969 ஜூன் 24, செவ்வாய்

இன்று காலை நல்லேரிக்கு லாரிகள் போயின. மத்தியானத்துக்குள் கரையின் தென்பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். எலும்பு வந்திருக்கிறது. சேரிப் பெண்கள் போய் லாரிக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து, விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறது.

"ஆட்டு எலும்பாம்" என்கிறான் தனசிங்.

"யார் சொன்னது?"

"லாசரஸ் சார்."

அவர் எப்போது டாக்டருக்குப் படித்தார்?

1969 ஜூன் 25

லீவு போட்டுவிட்டு நல்லேரிக்குப் போனேன். வெட்டின முனையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, கிடைத்ததை எல்லாம் அதில் வைத்திருந்தார்கள். எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேட்டி ஓரத்து மண்ணைத் தட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

பல லோடு மண் ஏற்கெனவே மனைகளில் கொட்டியாகிவிட்டதாம். எந்த மனை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

1969 ஜூலை 6, ஞாயிறு

தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆகஸ்டில் விசாரணை. சங்கத்தின் சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தைக் காட்டி, "ஆமாம், நான் எழுதினதுதான்" என்று சொன்னால் போதுமாம்.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

தனசிங் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "பத்து வருஷமா வாடகை வீட்ல மாறி மாறிச் சாவுறோம். இப்பத்தான் ஒரு இடம். அவங்களுக்காக நம்ம வீட்டை இடிக்கணுமா?"

"இன்னும் கட்டவே இல்லையே, எங்கே இடிக்கிறது?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவன் உள்ளே போய்த் தன் வீட்டு ப்ளானை எடுத்து வந்தான். ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தான். "பாரு. இது உன் ரூம். ஜன்னல் கிழக்கே வேணும்னியே, வெச்சிருக்கேன். உனக்காகவும் சேர்த்துத்தான் வாங்கினேன்."

என் தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏன் எல்லோரும் எனக்கு நல்லது செய்துகொண்டே என் கழுத்தை நெரிக்கிறார்கள்?

1969 ஜூலை 20

பேச்சில்லை. ஹில்டாதான் இரண்டு பக்கமும் சோறு போடுகிறாள்.

1969 ஆகஸ்ட் 9, சனி

பாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "சபை ரெண்டா உடைஞ்சிடும்மா. சமாதானமா போகலாமே" என்றார். பொணக்கரையில் பதினொரு பேர் சபையார் கிடக்கிறார்கள், அவர்கள் எந்தப் பாதியில் வருவார்கள் பாஸ்டர் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லையே, ஒரு வார்த்தை! கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் அதே மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்கள்.

1969 ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

தாசில்தார் மேஜைக்கு முன்னால் ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், மறுபக்கம் எல்லம்மாவும் ஏழெட்டுப் பெண்களும். எங்களுக்கு நாற்காலி. அவர்கள் சுவரோரம் நின்றார்கள். லாசரஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பேச்சுப் போட்டிக்கு வந்த பிள்ளையை உற்சாகப்படுத்துகிற மாதிரி. தனசிங் அவர் பக்கத்தில்.

சங்கத்து வக்கீல் புத்தகத்தை நீட்டினார். "இருபத்திரண்டாம் பக்கம். நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"பூங்கரைன்னு பேர் போட்டது நீங்கதானே?"

"நான்தான். அது பொய்."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பென்சில் நோட்டைத் தாசில்தார் முன்னால் வைத்தேன். "ஜூலை பதினாலும் இருபத்தெட்டும் பாருங்க சார். அந்த இடத்துக்குப் பேர் பொணக்கரை. முப்பத்தொரு பேர் அங்கே புதைஞ்சிருக்காங்க. கலங்கல் தண்ணியைத் தடுக்கிறதும் அந்தக் கரைதான். எனக்குச் சொன்னவங்க இதோ நிக்கிறாங்க."

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அச்சடிச்ச புத்தகத்தில ஒண்ணு, பென்சில்ல ஒண்ணு. பொய் சொல்ற பழக்கம் உங்களுக்கு உண்டுன்னு ஆகுது. இதில எதை நம்பறது?"

"பொய் சொன்னதால எனக்கு மாலை கிடைச்சுது சார். இப்ப உண்மையைச் சொல்றதால என்ன கிடைக்கும்னு அவங்க முகத்தைப் பாத்தா உங்களுக்கே தெரியும்."

குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம். என் கோபம் எப்போதும் அழுகை மாதிரிதான் வெளியே வருகிறது, அதுவும் ஒரு எரிச்சல்.

தாசில்தார் பெயர்களைப் படிக்கச் சொன்னார். என் பென்சில் எழுத்து சில இடங்களில் மங்கியிருந்தது. ஒன்பதாவது பெயரில் தடுமாறினேன். "ஞானப்பூ" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. அதற்கப்புறம் நான் படிக்கவில்லை. முப்பத்தொன்று வரைக்கும் எல்லம்மாவே சொன்னாள், நோட்டைப் பார்க்காமல். தாசில்தார் விரலால் என் நோட்டில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

வெளியே வந்ததும் அவளிடம் போனேன். "இப்பவாச்சும் சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெண்களோடு நடந்துவிட்டாள். நன்றி சொல்வாள் என்றா எதிர்பார்த்தேன்? எதிர்பார்த்தேன். அதுதான் அசிங்கம்.

1969 ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞாயிறு பள்ளி வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 'ஓய்வு கொடுக்கிறோம்' என்று கடிதம். பாஸ்டர் கையெழுத்து. வாசகம் லாசரஸுடையது, கடிதமே சிரிக்கிறது.

1969 செப்டம்பர் 7, ஞாயிறு

சேலையூரில் ஒரு அறை எடுத்து வந்துவிட்டேன். தனசிங் போகச் சொல்லவில்லை. ஆனால் நான் இருக்கிற நேரம் பார்த்து அவன் வெளியே போகிறான், அவன் வீட்டிலேயே அவனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. டிரங்குப் பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றும்போது ஹில்டா ஒரு தூக்குச்சட்டியை மடியில் வைத்தாள். "அவரு நாளைக்குக் கேப்பாரு மதினி, அக்கா சாப்பிட்டாளான்னு. நான் என்ன சொல்ல?"

"நல்லா சாப்பிட்டான்னு சொல்லு."

ரிக்‌ஷா தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டேன்.

1969 செப்டம்பர் 26, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. கரை மிச்சமிருக்கிற மட்டும் புறம்போக்கு, அதில் மனை கிடையாது, ரோடு கிடையாது. கரையை ஒட்டிய ஆறு மனைகளும் ரத்து. பதினேழாம் நம்பர் அதில் ஒன்று. பதிவேட்டில் பெயர் 'பொணக்கரை (எ) பூங்கரை' என்று ஏறியிருக்கிறது. என் பொய்யும் கூடவே ஏறிவிட்டது, இனி அதை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது.

வெட்டின தென்பாதியை யார் கட்டித் தருவது? ஆணையில் ஒரு வரி: 'நிதி ஒதுக்கீடு வந்தபின் பரிசீலிக்கப்படும்.' மழை பரிசீலித்துவிட்டா வரும்?

1969 அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. நல்லேரிக்குப் போனேன்.

சேரிப் பெண்கள் மொத்தமும் கரையில் இருந்தார்கள். எடுத்து வைத்த எலும்புகளைப் போன வாரமே திரும்ப அதே இடத்தில் வைத்து மூடிவிட்டார்களாம், பாஸ்டர் இல்லை, பூசாரி இல்லை. இப்போது அதன்மேல் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரியின் உள்வாயிலிருந்து கரைவரை வரிசை. தலைக்குத் தலை கூடை மாறுகிறது. நான் ஓரமாக நின்றேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வரிசையில் ஓர் இடத்தில் இடைவெளி இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு போய் நின்றேன்.

முதல் கூடை தோளிலேயே கவிழ்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

எல்லம்மா திரும்பிப் பார்த்தாள். "தலைல நிக்காது உனுக்கு. இட்ப்புல வெச்சி எட்த்துகினு வா. பாத்து."

நாற்பத்து மூன்று கூடை. பிறகு எண்ணவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்ததும் நிறுத்தினோம். இன்னும் இருபதடி பாக்கி இருக்கிறது.

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், பேனா பிடிக்க எரிகிறது. நாளைக்குச் சாக்பீஸ் எப்படிப் பிடிப்பேனோ. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறாள். "ஒம்போதுக்கு வந்தேன்னா வெய்ய வந்துடும். அப்பால உன்னிய யாரு தூக்கிகினு போறது?" என்கிறாள். அவளுக்கு வாய் கொஞ்சமா!